மிஸ்டு கால் அக்காவும் ஒற்றை வரிப் பட்டியலும்

ஒருவர் ஃபோனில் பேசும் விதத்தைக் கேட்டே எனக்கு எரிச்சல் வந்தது என்றால் அது மிஸ்டு கால் அக்காவால்தான். முதல் தடவை என்னை அழைத்தபோதே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. பள்ளிக்கூடத்துப் பின்பக்க கேட்டு. முன்பக்கம் பூட்டியிருக்கும். வந்துருவீங்கல்ல?"

"வந்துடறேன் மேடம்."

"எங்க வருவீங்க, எத்தனை மணிக்கு? ஒரு தடவை நீங்க சொல்லுங்க."

எங்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே முதல் பட்டதாரி நான். வேதியியலில் முதல் வகுப்பு. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பாட்டில் தண்ணீரைச் சோதித்து, இது குடிக்கலாம், இது கூடாது என்று கையெழுத்துப் போடுகிறவன். என்னிடம் போய், கடைக்கு அனுப்புகிற பிள்ளையிடம் கேட்பதுபோல் ஒருவர் கேட்கிறார்.

"பத்து மணி. பின்பக்க கேட்டு," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை," என்று விட்டதைச் சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் சேர்ந்தது ஒரு வழிகாட்டித் திட்டம். வீட்டில் ஒருவரும் கல்லூரிக்குப் போயிராத பிள்ளைகளுக்கு, பள்ளியின் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு வழிகாட்டி. மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். வழிகாட்டி பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வருடம் முப்பது பேர் சேர்ந்தோம். முப்பது பேருக்கும் சட்டையில் பேட்ஜ் குத்தினார்கள். மூன்றாவது மாதம் பதினோரு பேர்தான் மிச்சம். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் உறவில் யாராவது ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆனால் வருடக் கடைசியில் சான்றிதழ் வாங்க முப்பது பேரும் வந்தார்கள். ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார்.

வராத வழிகாட்டிகளை அழைப்பதும் வராத பிள்ளைகளை அழைப்பதும்தான் அக்காவின் வேலை. பதவியின் பெயர் அலுவலக உதவியாளர். அலுவலகம் என்பது மெத்தைக் கடையின் மாடியில் ஒரு அறை. படிக்கட்டின் பாதியை, சுருட்டிக் கட்டிய பஞ்சு மெத்தைகள் அடைத்துக்கொண்டிருக்கும். ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அறையில் இரண்டு மேசை, கதவு சரியாக மூடாத ஒரு பீரோ, திட்டத் தலைவர் யார் யாரோடோ கைகுலுக்கும் படங்கள். ஜன்னலோரம் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். முன்னால் ஒரு பட்டன் ஃபோனும் ஒரு நீள நோட்டும்.

அந்த நோட்டை ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். பிள்ளைகளின் மதிப்பெண் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது வேறு. 'அம்மா ஆஸ்பத்திரி லாக்கர், 2 மணிக்கு மேல்.' 'அப்பா லாரி, ஞாயிறு மட்டும்.' 'பக்கத்து வீட்டு அண்ணி. விவரம் எதுவும் சொல்லக் கூடாது, தெருவுக்கே தெரிந்துவிடும்.' 'அண்ணன். குடித்திருந்தால் மறுநாள்.'

முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஃபோன் கிடையாது. வீட்டுக்கு ஒரு ஃபோன். அது யாராவது ஒருவரோடு வேலைக்குப் போய்விடும். அதனால் அக்கா இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார். ஃபோன் பிள்ளையின் கைக்கு வந்ததும் அது பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். அப்புறம் இவர் அழைப்பார். பெயர் வந்த கதை இதுதான். அவர் முகத்துக்கு நேராகவே பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவார்கள். "என்ன மிஸ்டு கால் அக்கா, இன்னைக்குப் பேட்டரி ஃபுல்லா?" என்பான் ஒருத்தன். "உன் வாய் அளவுக்கு இல்லடா," என்பார்.

இதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு சமையல் எரிவாயு ஏஜென்சியில் பதிவு ஃபோனை எடுத்துக்கொண்டிருந்தவர். திருப்பிச் சொல்லச் சொல்கிற பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

"அங்க எல்லாரும் ஆமா, ஆமான்னுதான் தம்பி சொல்லுவாங்க. 'அதே விலாசம்தானே?'ன்னா 'ஆமா'. சிலிண்டர் பழைய வீட்டு வாசல்ல இறங்கிடும், அவங்க புது வீட்டுல அடுப்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நாம சொல்லி ஆமா வாங்கக் கூடாது. அவங்க வாயாலேயே சொல்ல விடணும்."

"இவங்க பசங்க அக்கா. சிலிண்டர் இல்ல."

"அதான் நானும் சொல்றேன். சிலிண்டர் தப்பாப் போனா மறுநாள் திரும்பி வந்துரும்."

எனக்கு ஒதுக்கப்பட்ட மாணவியை எல்லாரும் ரெட்டைப் பேனா என்பார்கள். எங்கே போனாலும் ஒரே மாதிரி இரண்டு பேனா வைத்திருப்பாள். ஒன்று தீர்ந்துவிட்டால் என்ற பயம். அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, காலை ஷிஃப்ட். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மா துடைத்து முடித்த வராந்தாவில் வெள்ளைச் சீருடையோடு நடந்துபோகும் நர்சுகளைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு நர்சிங்தான் என்று முடிவாகியிருந்தது. நல்ல மதிப்பெண் எடுக்கக்கூடிய பெண். ஆனால் எதைச் சொன்னாலும் "சரிண்ணா" என்பாள். கூரை இடிந்து விழுகிறது என்று சொன்னாலும் "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

முதல் ஞாயிறு, வழிகாட்டிகள் ஒவ்வொருவரும் பிள்ளைகளுக்கு முன்னால் ஐந்து நிமிடம் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நான் நன்றாகப் பேசினேன். இதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பா கூலி வேலைக்குப் போனதைச் சொன்னேன். நாலு மைல் நடந்து பள்ளிக்குப் போனதைச் சொன்னேன். கடைசியில், "எனக்கு ஒரே ஒரு காலேஜ், ஒரே ஒரு படிப்பு. வேற எதையும் நான் திரும்பிக்கூடப் பாக்கல. அதான் இன்னைக்கு இங்க நிக்கிறேன்," என்று முடித்தேன். கைதட்டல். தலைவர் என் தோளைத் தட்டி, அடுத்த பள்ளிக்கும் வந்து பேச வேண்டும் என்றார். அறையின் பின்பக்கம் அக்கா நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து ரெட்டைப் பேனா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். ஒவ்வொரு சந்திப்புக்கும் மறுநாள் அக்கா அவளை அழைத்து, "நேத்து அண்ணன் என்ன சொன்னாரு? நீ என்ன பண்ணப் போற?" என்று கேட்கிறாராம். எனக்குச் சுருக்கென்றது. நான் பாடம் நடத்த, பின்னாலேயே ஒருவர் வந்து தணிக்கை செய்கிறாரா? அன்றே மெத்தைகளைத் தள்ளிக்கொண்டு மாடி ஏறினேன்.

"அக்கா, என் ஸ்டூடண்டுக்கு நீங்க ஃபோன் பண்ண வேண்டாம்."

"ஏன் தம்பி?"

"நானும் அந்த மாதிரி வீட்டுலேருந்து வந்தவன்தான். அவங்களுக்கு என்ன புரியும், என்ன புரியாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா, நம்மள மக்குன்னு நினைக்கிறாங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தோணும்."

அவளுக்குத் தோன்றியதா, எனக்குத் தோன்றியதா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றி நோட்டைத் திறந்தார்.

"அப்ப இனிமே அவகிட்ட நான் பேசக் கூடாது. நீங்களே பாத்துக்குவீங்க. அதானே?"

"அதான்."

"நீங்க சொல்லுங்க."

"அக்கா."

"பழக்கம் தம்பி, விடுங்க," என்று சொல்லி, அவள் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

மதிப்பெண் வந்தது. நல்ல மதிப்பெண்தான். அடுத்தது கல்லூரி விருப்பப் பட்டியல். கணினியில் நாம் விரும்பும் கல்லூரியையும் படிப்பையும் வரிசையாக இட வேண்டும். நாற்பது வரி வரைக்கும் இடலாம். மேலிருந்து கீழாகப் பார்த்து, எந்த வரியில் இடம் இருக்கிறதோ அதைத் தருவார்கள். இதை அவளுக்கு இரண்டு ஞாயிறு விளக்கினேன். கட்டம் போட்டுக் காட்டினேன். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுதுண்ணா," என்றாள். கடைசித் தேதிக்கு முந்தின நாள், அம்மாவின் ஃபோனில் பிடித்தேன்.

"லிஸ்ட் போட்டாச்சா?"

"போட்டாச்சுண்ணா."

"நான் சொன்ன மாதிரிதானே?"

"ஆமாண்ணா. நீங்க சொன்ன மாதிரியேதான்."

அன்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து மேசைக்காரரிடம், "நம்ம பொண்ணு நர்சாகப் போகுது சார்," என்றுகூடச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை முடிவு வந்தது. அவள் எண்ணை நானே போட்டுப் பார்த்தேன். 'இடம் ஒதுக்கப்படவில்லை.' எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். அதே வரி. எங்கள் திட்டத்திலேயே அவளைவிட இருபது மதிப்பெண் குறைந்தவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவின் ஃபோனுக்கு ஏழு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. ஷிஃப்ட் நேரத்தில் ஃபோன் லாக்கரில் இருக்கும் என்பது அந்த நேரத்துக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் அம்மாவே எடுத்தார்.

"கிடைக்கலையாம் சார். பரவால்ல சார், நீங்க இவ்வளவு செஞ்சதே பெருசு. எங்க சூபர்வைசர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். திங்கட்கிழமைலேருந்து என்கூடவே ஷிஃப்ட்டுக்கு வந்துருவா."

"அவகிட்டக் குடுங்கம்மா."

"பேச மாட்டேங்குது சார்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண் மேல் கோபம். இரண்டு ஞாயிறு கட்டம் போட்டேனே, எங்கே கவனித்தாள்? கணினிக்காரர்கள் மேல் கோபம். பரவாயில்லை என்று சொன்ன அம்மா மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம். அது எப்படிப் பரவாயில்லை? மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மெத்தைக் கடை மாடிக்குப் போனேன். தலைவர் இருந்தார்.

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் போகும்பா. மத்த இருபத்தொன்பது பேருக்குக் கிடைச்சிருக்கே. அறிக்கைக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார்.

அக்கா நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"நீங்க அவகிட்ட என்ன கேட்டீங்க தம்பி? அப்படியே சொல்லுங்க."

"லிஸ்ட் போட்டாச்சான்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"நான் சொன்ன மாதிரிதானேன்னு கேட்டேன்."

"எத்தனை வரி போட்டேன்னு கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீங்க கேட்டதுக்கெல்லாம் அவ சரியாத்தான் பதில் சொல்லியிருக்கா," என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

நோட்டில் பென்சில் கோட்டை ரப்பரால் அழித்தார். மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. காத்திருந்தார். இரண்டு அடித்ததும், இரண்டு ரிங் விட்டு வைத்தார். இரண்டேகாலுக்கு ஃபோன் ஒரு தடவை அடித்து நின்றது. திருப்பி அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்தார்.

"அக்கா பேசறேன். லிஸ்ட்ல என்னென்ன போட்ட, வரிசையாச் சொல்லு."

இங்கே பக்கத்திலேயே இருக்கும் பெரிய நர்சிங் கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

"ரெண்டாவது?"

"அவ்வளவுதான்க்கா."

"ஒண்ணுதான் போட்டியா? ஏம்மா?"

"நிறையப் போட்டா, இவளுக்கு எதுலயும் உறுதி இல்லைன்னு நினைச்சுக் குடுக்க மாட்டாங்கன்னு... அண்ணா ஒண்ணே ஒண்ணுதானே போட்டாங்க. வேற எதையும் திரும்பிப் பாக்கலன்னு அன்னைக்குச் சொன்னாங்கல்ல."

ஒரு பேனா போதாது என்று இரண்டு வைத்திருந்த பெண், என் பேச்சைக் கேட்டு, நாற்பது வரியில் முப்பத்தொன்பதைக் காலியாக விட்டிருக்கிறாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க எத்தனை போட்டீங்க?"

கீழே யாரோ மெத்தையைக் குத்திப் பார்த்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்திரண்டு," என்றேன்.

"கிடைச்சது?"

"பதினாலாவது."

வேதியியல் எனக்குப் பதினான்காவது வரி. முதல் வரி பொறியியல். ஐந்து வருடத்தில் ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. மேடையில் பதினான்கு என்ற எண் நன்றாக ஒலிக்காது என்று அதை எடுத்துவிட்டேன். அந்த இருபத்திரண்டையும் எனக்குப் போட்டுக் கொடுத்தது எங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். பேச்சில் அவரையும் எடுத்துவிட்டேன்.

அக்கா ஃபோனை என் பக்கம் நகர்த்தினார். "அத அவகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அப்புறம் "சரிண்ணா," என்றாள். அந்த "சரி"யை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இடம் கிடைக்காதவர்களுக்கு இரண்டாம் சுற்று ஒன்று உண்டு. ஆனால் நேரில் போய், பள்ளியின் சான்றும் முத்திரையும் வைத்து, மறுபடி பட்டியல் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை நான்கு மணி வரைக்கும்தான். அதாவது மறுநாள். அதைத் தவறவிட்டால் திங்கட்கிழமை காலை அவள் கையில் துடைப்பம். துடைப்பத்தில் கேவலம் ஒன்றுமில்லை. அவள் அம்மா அதில்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. என் கைதட்டலுக்காக அவள் போகக் கூடாது.

அக்கா பள்ளி அலுவலகத்துக்கு அடித்தார். தலைமையாசிரியர் விடுப்பாம். "அப்ப சீல் யாருகிட்ட? சாவி? காலைல எத்தனை மணிக்குத் திறப்பீங்க? நீங்க ஒரு தடவை சொல்லுங்க சார்." நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை நாங்கள் போனபோது, அந்த எழுத்தர் முத்திரையை மேசை நடுவில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மூணு தடவை சொல்ல வச்சுட்டாங்க சார். ராத்திரி தூக்கத்துல நான் 'பீரோ சாவி, ரெண்டாவது டிராயர்'னு உளறினதா வீட்டுல சொல்றாங்க."

உதவி மையத்தில் எட்டு கவுன்ட்டர். மூன்றில்தான் ஆள் இருந்தது. எங்களுக்கு முன்னால் அறுபது பேராவது நின்றார்கள். அம்மாவுக்கு ஷிஃப்ட், அவளோடு நானும் அக்காவும்தான். பதினொரு மணிக்குக் கணினி இணைப்பு போனது. பன்னிரண்டேகாலுக்கு வந்தது. சாப்பாட்டு நேரம் என்று இரண்டு கவுன்ட்டரை மூடினார்கள். வரிசை எறும்பைவிட மெதுவாக நகர்ந்தது. நான் நாலு தடவை முன்னால் போய்ச் சண்டை போட்டேன். ஐந்தாவது தடவை காவலாளி, "சார், நீங்க இங்க வந்து கத்துற நேரத்துல அங்க வரிசை நகருது," என்றார்.

ரெட்டைப் பேனா சுவரில் சாய்ந்து நின்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அக்காவிடம் கேட்டாள்: "நீங்க என்னக்கா படிச்சீங்க?"

"காலேஜா? ஒரு செமஸ்டர்."

"ஒண்ணா? ஏன்?"

"ரெண்டு பேப்பர் போச்சு. நோட்டீஸ் போர்டுல என் நம்பருக்கு நேரா ஃபெயில்னு போட்டிருந்துச்சு. பள்ளிக்கூடத்துல ஃபெயில்னா அந்த வருஷம் போச்சுன்னுதானே அர்த்தம்? காலேஜ்லேருந்தே அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். ஹாஸ்டல்ல பெட்டியக் கட்டினேன், பஸ் ஏறினேன், வந்துட்டேன். அப்பா ஒண்ணும் கேக்கல. முடியலன்னா விட்டுடும்மான்னாரு."

"திரும்ப எழுதலாமே அக்கா. அரியர்."

"உனக்குத் தெரியுது. எனக்கு அது தெரிய பதினோரு வருஷம் ஆச்சு. கேஸ் ஏஜென்சில புதுசா ஒரு பொண்ணு வேலைக்குச் சேர்ந்துச்சு. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே, 'எனக்கு ஏழு அரியர்க்கா, எல்லாம் எழுதித்தான் முடிச்சேன்'னு சிரிச்சுது. எனக்கு வெறும் ரெண்டு."

அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"நான் போனப்புறம் காலேஜ்லேருந்து ஒருத்தராவது ஒரு ஃபோன் பண்ணி, ஏம்மா வரலன்னு கேட்டிருந்தா போதும். அவங்க மேல தப்பில்ல. யாருக்கும் அது வேலையில்ல."

பட்டதாரியாக இல்லாததால் அக்கா வழிகாட்டி ஆக முடியாது. விதியை எழுதியவர்களும் பட்டதாரிகள்தான்.

மூன்று மணிக்குக் கவுன்ட்டரை அடைந்தோம். உள்ளே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு போட்டியாம்மா? இந்த வாரத்துல நீ ஒன்பதாவது ஆளு."

"அப்ப கம்ப்யூட்டர்ல ஒரு எச்சரிக்கை வைக்கலாமே சார்," என்று நான் எகிறினேன்.

"வச்சிருக்கு சார். 'உறுதியா?'ன்னு கேக்கும். எல்லாரும் 'ஆம்'னு அமுக்கிடறாங்க."

அக்கா என்னைப் பார்க்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

பட்டியலை எழுத ஒரு படிவம் தந்தார். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "நீ சொல்லு. இது ஏன் மூணாவது? இதுக்குக் கீழ ஏன் அது?" ஒவ்வொரு வரிக்கும் அவள் காரணம் சொல்ல வேண்டும். முதலில் தயங்கினாள். ஐந்தாவது வரியில் குரல் எழும்பியது. ஏழாவதில், "இது வேண்டாம்க்கா, அங்க ஹாஸ்டல் இல்ல," என்று அவளே அடித்தாள். பிறகு, "இத மேல போடலாம்," என்றாள். எட்டு மாதத்தில் அவள் ஒரு விஷயத்தை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. பத்தொன்பது வரி. மூன்று ஐம்பதுக்கு ரசீது வந்தது. கையெழுத்துக்காகக் கவுன்ட்டர்காரர் அவளிடம் ஒரு பேனாவை வாங்கினார், திருப்பித் தரவில்லை.

கிடைத்தது பதினோராவது வரி. மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பு. பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி ஒரு ஊர். "நர்ஸ் இல்லையா சார்?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். அவளும் சந்தோஷமாக இல்லை. சிரமப்பட்டுப் புன்னகைத்தாள். ஆனால் திங்கட்கிழமை ஷிஃப்ட்டுக்குப் போகவில்லை; பெட்டி வாங்கப் போனாள்.

அலுவலகத்தில் முப்பதுக்கு முப்பது என்று கேக் வெட்டினார்கள். ஆண்டறிக்கையில் சிறந்த வழிகாட்டி என்று என் படம் வந்தது. அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. தலைவரிடம் கேட்டேன். "அவங்க ஊழியர்ப்பா. வழிகாட்டி இல்லையே," என்றார். பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டால் திட்டத்தைப் பொறுத்தவரை கோப்பு மூடப்படும். வெற்றி ஒன்று என்று எண்ணிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் அழைக்க வேண்டியதில்லை. என் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், பேட்ஜைக் கழற்றி எறியலாமா என்றிருக்கிறது. எறியவில்லை. எறிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துப் பேர்தான் இருப்பார்கள்.

போன மாதம் ஒரு நாள் மாலை மாடிக்குப் போனேன். அக்கா வேறொரு நோட்டைத் திறந்து வைத்திருந்தார். சொந்தச் செலவில் வாங்கியது. மூடப்பட்ட கோப்புகளெல்லாம் அதில் இருந்தன. ரெட்டைப் பேனாவின் பெயருக்கு நேராக, 'வார்டன் அறை, 5.30க்கு மேல்.' இரண்டு ரிங் விட்டு வைத்தார். சற்று நேரத்தில் பதில் மணி அடித்து நின்றது. இந்தத் தடவை ஸ்பீக்கர் போடவில்லை. எனக்கு அவர் பக்கம் மட்டும்தான் கேட்டது.

"ம்... ம்... எத்தனை பேப்பர்?... ஒண்ணா... ம்... அழுது முடிச்சிட்டியா?... பெட்டியா? எப்பக் கட்டின?"

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஃபோனைப் பிடுங்கி, அது அரியர், திரும்ப எழுதலாம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. அக்கா ஒரு விரலை என் பக்கம் நீட்டினார். சும்மா இரு என்று அர்த்தம்.

"சரி. இப்ப என்ன பண்ணப் போற? நீ சொல்லு."

காத்திருந்தார். எனக்கு அந்த மௌனம் கவுன்ட்டர் வரிசையைவிட நீளமாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அப்புறம் ஃபோனுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் அது "சரிக்கா" இல்லை. அதைவிட நீளமாக இருந்தது.

"எந்த மாசம் பரீட்சை?... ஃபாரம் எங்க குடுக்கணும்?... ம். முதல்ல பெட்டியப் பிரி."

வைத்துவிட்டு நோட்டில் ஒரு தேதி எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை புதுப் பசங்க வராங்க தம்பி. என்ன பேசப் போறீங்க? ஒரு தடவை சொல்லுங்க."

எரிச்சல் வந்தது. இப்போதும் வருகிறது. ஆனாலும் சொன்னேன்.

"இருபத்திரண்டு போட்டேன். பதினாலாவதுதான் கிடைச்சுது. போட்டுக் குடுத்தது ஜெராக்ஸ் கடைக்காரர்."

"பின்பக்க கேட்டு," என்றார் அக்கா, அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டே.